பத்து மாச அட்வான்ஸும் பத்தாம் தேதி வாடகையும்

எங்கள் நகர் நலச் சங்கத்தின் செய்தி மடலில் சென்ற மாதம் வாடகை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர். பெயர் வேண்டாம், நகரில் எல்லோருக்கும் தெரியும். தேதி தவறி வாடகை கொடுப்பவர்களை வழிக்குக் கொண்டுவர ஐந்து யோசனைகள் சொல்லியிருக்கிறார். 5-ஆம் தேதி தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம். 10-ஆம் தேதி தாண்டினால் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். இரண்டு முறை தவறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். இனிமேல் நிரந்தர வருமானமுள்ள ‘நல்ல குடும்பங்களுக்கு’ மட்டுமே வீடு. ஐந்தாவதாக, தாமதக்காரர்களின் பெயர்களைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

“நம்ம மனசுல இருக்கறத அப்படியே எழுதிட்டார் சார்” என்று நடைப்பயிற்சியில் ஒருவர் என்னிடம் சொன்னார். நானும் வீட்டுக்காரன் என்பதால் சொன்னார். மாடியில் இரண்டு போர்ஷன் விட்டிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக வாடகை வாங்கிச் சாப்பிடுகிறவன். அதனாலேயே இதற்குப் பதில் எழுத வேண்டியவனும் நான்தான். குடித்தனக்காரர் யாராவது எழுதினால் அடுத்த மாதமே டு-லெட் போர்டு தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும். என்னைக் காலி செய்யச் சொல்ல ஆளில்லை.

கட்டுரை எழுதிய நண்பர் தொடங்குவதே ‘இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்ற பழமொழியோடு. பழமொழியைக் கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்திருக்கலாம். மடம் என்பது வழிப்போக்கருக்குக் காசில்லாமல் திண்ணை கொடுத்த இடம். மடத்தில் யாரும் பத்து மாச அட்வான்ஸ் வாங்கியதில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் திறக்காது, ஊரிலிருந்து வரும் மாமியார் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதும் இல்லை. நாம் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. விற்கிறோம், மாசாமாசம்.

முதலில் அந்த 5-ஆம் தேதி. ஏதோ சாஸ்திரத்தில் சொன்ன நாள் போல நண்பர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சம்பளம் எந்தத் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்று இந்த நாட்டில் 1936-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், அதற்கு மேற்பட்டால் 10-ஆம் தேதிக்குள். 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் மாதச் சம்பளத்துக்கு 7-ஆம் தேதிதான் கெடு. ஆக, முதலாளிக்கு 7-ஆம் தேதி வரை அவகாசம் இருக்கிறது. அவரிடம் வேலை பார்க்கிறவருக்கு 5-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. இடையிலுள்ள இரண்டு நாளைக்கு அவர் நாணயம் கெட்டவர். இதுதான் நண்பரின் கணக்கு.

எங்கள் மாடியில் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர் குடியிருந்தார். எம்.இ. படித்தவர். அந்தக் கல்லூரி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் போடும். சில சமயம் பாதி போடும். ஒவ்வொரு மாதமும் 6-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு கீழே இறங்கி வருவார். “சார், இன்னும் கிரெடிட் ஆகல” என்று சொல்லி, நான் கேட்காமலேயே செல்போனைத் திருப்பி வங்கிக் குறுஞ்செய்திகளைக் காட்டுவார். பள்ளிக்கூடப் பையன் லீவ் லெட்டர் நீட்டுவதுபோல நாற்பது வயது மனிதர் போனை நீட்டுவார். நான் அதை வாங்கிப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. நான்கு வருஷம் இருந்தார். ஒரு மாதம்கூட 5-ஆம் தேதி கொடுத்ததில்லை. ஒரு ரூபாய்கூட பாக்கி வைத்ததுமில்லை. நண்பரின் பட்டியலில் இவர் பெயர் நான்கு வருஷமும் முதல் வரியில் இருந்திருக்கும்.

அடுத்து நாளுக்கு 100 ரூபாய். ‘சின்னத் தொகை, பயம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்’ என்கிறார். சின்னத் தொகையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் பகுதியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் தாமதத்துக்கு 1,000 ரூபாய் அபராதம். 15,000 ரூபாய்க்குப் பத்து நாளில் 1,000 என்றால் வருஷக் கணக்கில் 243 சதவீத வட்டி. மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று பெயர் சொல்லித் தடுப்பதற்காக 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அது கடனுக்கான சட்டம். வாடகைக்குப் பொருந்தாது என்று நண்பர் நிம்மதியடையலாம். ஆனால் எந்தத் தொழிலின் விலைப்பட்டியலை அவர் நம் கையில் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. தவிர, ஒப்பந்தத்தில் அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. பத்து நாள் தாமதத்தால் நமக்கு உண்மையில் எவ்வளவு இழப்பு? வங்கி வட்டி 6 சதவீதம் என்று வைத்தால் 25 ரூபாய். இரண்டு டீக்காசு.

இங்கேதான் நண்பர் கட்டுரை முழுக்க ஒரு சொல்லைக்கூட எழுதாமல் தாண்டிப் போன விஷயம் வருகிறது. அட்வான்ஸ்.

சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம். இப்போது ஆறு, ஐந்து என்று சில இடங்களில் குறைந்திருக்கிறது. எங்கள் நகரில் பெரும்பாலும் பத்துதான், நண்பரின் மூன்று வீட்டுக்கும் சேர்த்து. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாச வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அது அமலில் இருந்த காலம் முழுவதும் நாம் பத்து மாசம் வாங்கினோம். 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாசம் என்கிறது. உடனே நாம் ‘வேறு உடன்பாடு’ ஒன்று எழுதிக்கொண்டோம். எந்த அக்ரிமென்டை எடுத்தாலும் ‘வட்டியில்லா முன்பணம்’ என்ற வார்த்தை தவறாமல் இருக்கும்.

15,000 வாடகைக்கு அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். அதே 6 சதவீதத்தில் வருஷத்துக்கு 9,000 ரூபாய் வட்டி. குடித்தனக்காரர் பன்னிரண்டு மாதமும் பத்துப் பத்து நாள் தாமதமாகக் கொடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நமக்கு வருஷ இழப்பு 300 ரூபாய்க்குள் அடங்கும். நாம் அவர் பணத்தில் 9,000 சம்பாதிக்கிறோம். அவர் நம் பணத்தில் 300 சம்பாதிக்கிறார். இதில் யார் கடன்காரர்? நம் பணம் அவரிடம் பத்து நாள் இருக்கிறது. அவர் பணம் நம்மிடம் வருஷக்கணக்கில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் மாடியில் இருக்கிறார், வாங்கியவர் கீழே ஈசிசேரில் உட்கார்ந்து அபராதம் போட யோசிக்கிறார்.

வாடகை வராமல் போய்விடுமோ என்ற பயத்துக்காகத்தானே அட்வான்ஸ் என்று கேட்பீர்கள். சரி. அந்தப் பயத்துக்கு விலை வாங்கியாயிற்று. அப்புறம் எதற்கு அபராதம்? குடையும் பிடித்துக்கொண்டு மழைக்கு வரியும் கேட்பது போலிருக்கிறது.

‘எனக்கும் 5-ஆம் தேதி வங்கித் தவணை போகிறது’ என்று நண்பர் ஒரு வரி எழுதியிருக்கிறார். வாடகையை மட்டுமே நம்பிச் சீவனம் நடத்தும் அம்மாக்கள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். அவர்களுக்கு ஐந்து நாள் தாமதம் என்பது மருந்துச் சீட்டைத் தள்ளிப்போடுவது. அது உண்மையான கஷ்டம், நான் மறுக்கவில்லை. அந்த அம்மாக்கள் அட்வான்ஸில் ஒரு மாச வாடகையை வங்கியில் தொடாமல் வைத்திருந்தால் ஐந்து நாளைக் கடந்துவிடலாம். ஆனால் மூன்று வீட்டுக்காரர் அவர்கள் முந்தானைக்குப் பின்னால் நின்று பேசுவது பார்க்க நன்றாக இல்லை. நாலரை லட்ச ரூபாய் அடுத்தவர் பணத்தை வைத்திருக்கும் ஒருவரால் ஐந்து நாள் சமாளிக்க முடியவில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி ‘வாடகை எங்கே?’ என்பதல்ல. ‘அட்வான்ஸ் எங்கே?’

எங்கே என்று நமக்கெல்லாம் தெரியும். மகள் கல்யாணத்தில் இருக்கிறது. மாடியில் எழுப்பிய இரண்டாவது போர்ஷனில் இருக்கிறது. அதனால்தான் ஒருவர் காலி செய்யும்போது ‘அடுத்த குடித்தனம் வரட்டும், அவங்க அட்வான்ஸ் வாங்கித் தர்றேன்’ என்கிறோம். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது புதுச் சட்டம். தரும்போதும் ‘பெயின்ட் காசு’ என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொள்கிறோம், சுவர் பளிச்சென்று இருந்தாலும். குடித்தனக்காரர் 15,000 ரூபாயைப் பத்து நாள் தாமதித்தால் அது ஒழுக்கக் கேடு. நாம் ஒன்றரை லட்சத்தை மூன்று மாதம் தாமதித்தால் அதற்குப் பெயர் ‘கொஞ்சம் டைட்’.

மோட்டாரை நிறுத்தும் யோசனைக்கு வருகிறேன். இதை அச்சில் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வாடகைப் பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. புதுச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. குடித்தனக்காரர் நேரே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். சட்டத்தை விடுங்கள். 2019 கோடையை மறந்துவிட்டாரா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. போர் காற்றுதான் கக்கியது. லாரித் தண்ணீருக்கு வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்று பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுத்தோம். அன்று சம்ப்பில் குடித்தனக்காரர் காசில் விழுந்த தண்ணீரை நாமும் குடித்தோம். இன்று சுவிட்ச் நம் பக்கத்துச் சுவரில் இருக்கிறது என்பதற்காக அதை ஆயுதமாக்கச் சொல்கிறார்.

மின்சாரத்தைப் பேசினால் நம் குட்டு இன்னும் உடையும். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் இருக்கிறது. சப்-மீட்டர் மாட்டி முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய், 10 ரூபாய் வாங்கும் வீடுகள் எங்கள் நகரில் எத்தனை என்று கணக்கெடுத்துச் செய்தி மடலில் போடலாம். நண்பர் கட்டுரைக்குப் பக்கத்திலேயே.

இனி, ‘நல்ல குடும்பம்’. நிரந்தர வருமானம் என்று ஆரம்பித்து, கட்டுரையின் கடைசிப் பத்தியில் டெலிவரி வேலை செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், துணிக்கடை ஊழியர்கள், கல்யாணமாகாதவர்கள் எல்லோரையும் தள்ளிவிட்டார். இன்னும் யார் யாரைத் தள்ளினார் என்பதை ‘உணவுப் பழக்கம், பழக்கவழக்கம்’ என்ற இரண்டு சொல்லில் மறைத்திருக்கிறார். வாடகைத் தேதிக்கும் கருவாட்டு வாசனைக்கும் என்ன தொடர்பு என்று அவர் விளக்கவில்லை. விளக்கவும் முடியாது. தாமதம் என்பது அவருக்குக் கிடைத்த சாக்கு. நிரந்தர வருமானம் என்றால் அரசாங்கம் என்று நினைக்கிறார். அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர் யாரையாவது கேட்டுப் பார்க்கட்டும், சம்பளம் எந்தத் தேதிக்கு வருகிறது என்று.

இந்தத் தள்ளுபடிப் பட்டியலில் பழைய பெயர்கள் இரண்டும் உண்டு: வக்கீல், போலீஸ். சென்னையில் இவர்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது பழைய கதை. இவர்கள் வாடகை தர மாட்டார்கள் என்பதா காரணம்? இவர்களுக்குச் சட்டம் தெரியும் என்பது காரணம். சட்டம் தெரிந்தவருக்கு வீடு இல்லை என்று ஒரு தொழில் நடக்கிறதென்றால், அந்தத் தொழிலின் வண்டவாளத்தை வேறு யாரும் தண்டவாளத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

எனக்கு வாய்த்த உண்மையான ஏமாற்றுக்காரர் எப்படிப்பட்டவர் தெரியுமா? காரில் வந்தார். பட்டுச்சேலை கட்டிய மனைவி, ஆங்கிலப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நண்பரின் அளவுகோலில் நூற்றுக்கு நூறு. முதல் ஆறு மாதம் 1-ஆம் தேதி காலையில் வாடகை வந்து விழும். ஏழாம் மாதம் நின்றது. கேட்டால் ‘அட்வான்ஸில் கழிச்சுக்குங்க சார்’. எட்டு மாதம் கழித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது, போய்விட்டார். கரண்ட் பில்லும் உடைந்த வாஷ்பேசினும் மிச்ச அட்வான்ஸில் அடங்கின. தேதி தவறாதவர் ஏமாற்றினார். தேதி தவறியவர் நான்கு வருஷம் பைசா சுத்தமாகக் கொடுத்தார். தேதியை வைத்து ஆளை எடை போடுவதை அன்றோடு விட்டேன்.

இப்படிப்பட்டவர்களிடம் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ‘சட்டம் முழுக்கக் குடித்தனக்காரர் பக்கம், கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு’ என்று நண்பர் புலம்புகிறார். பழைய சட்டத்தில் வழக்குகள் இழுத்தது உண்மை. அதில்கூட ஒப்பந்தத் தேதிக்கு மேல் 15 நாள் தாண்டினால்தான் தவறியதாகக் கணக்கு. அதுவும் வேண்டுமென்றே செய்ததா என்று பார்க்க வேண்டும். ‘வேண்டுமென்றே’ என்றால் என்ன என்று 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக அலசியது. கஷ்டத்தால் தவறுவதும் திமிரால் தவறுவதும் ஒன்றல்ல என்பதுதான் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்த நியாயம். நண்பர் பிரித்துப் பார்க்க மறுப்பது இதைத்தான்.

அந்தச் சட்டம் போய்ப் பல வருஷமாகிவிட்டது. புதுச் சட்டப்படி வாடகை எவ்வளவு என்பது இருவரும் எழுதிக்கொள்வதுதான். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் வெளியேற்ற முடியாது. ஆனால் ஒருமுறை இப்படித் தப்பித்தவர் ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அந்தச் சலுகை கிடையாது. இதைவிட ஒரு வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும்? ஆனால் இந்தக் கதவைத் தட்ட அக்ரிமென்டை எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? பதிவு செய்தால் வாடகை வருமானம் வெளியே தெரியும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வருமான வரிச் சலுகைக்காகக் குடித்தனக்காரர் நம் பான் எண்ணைக் கேட்பார். ‘அதெல்லாம் வேணாம் தம்பி’ என்று சொல்லிவிடுவோம். ரசீது கேட்டால் முகம் சுளிப்போம். நாம் சட்டத்துக்கு ஒளிந்துகொண்டு, பிறகு சட்டம் நம்மைக் காப்பாற்றவில்லை என்கிறோம்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வீடு பார்க்க வருகிறவரிடம் சம்பளம் எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்டு, அதிலிருந்து மூன்றாம் நாளை வாடகைத் தேதியாக எழுதுகிறேன். வாரக் கூலிக்காரர் என்றால் வாரம் வாரம் கால் பங்கு. தாமதமானால் முதலில் வாயால் கேட்பேன். மாடிப்படியில் நின்று உரக்கக் கேட்பதில்லை. ஒரு மாதம் தாண்டினால் எழுத்தில். இரண்டு மாதம் தாண்டினால் வக்கீல். வக்கீல் வரைக்கும் இதுவரை போகவில்லை.

பெயர்ப் பட்டியல் யோசனை ஒன்று மட்டும் மிச்சம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பலகையில் ஒட்டுவோம். ஆனால் இரண்டு பத்தியாக. இடது பக்கம் வாடகையைத் தாமதித்தவர்கள், எத்தனை நாள், எவ்வளவு தொகை. வலது பக்கம் அட்வான்ஸைத் தாமதித்தவர்கள், எத்தனை நாள், எவ்வளவு தொகை.

வலது பக்கத்தில் முதல் பெயரை நானே எழுதித் தருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அப்போது கீழே குடியிருந்த குடும்பம் பீரோ, கட்டில், பிள்ளையின் புத்தகம் எல்லாவற்றையும் இழந்துவிட்டு ஜனவரியில் காலி செய்தது. ஜனவரி வாடகையையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களுடைய 80,000 ரூபாய் என்னிடம் இல்லை. சுற்றுச்சுவரிலும் புது மோட்டாரிலும் போட்டிருந்தேன். நான்கு தவணையாகக் கொடுத்து முடிக்க மே மாதம் ஆயிற்று. புது வீட்டு அட்வான்ஸுக்கு அந்த மனிதர் நகையை அடகு வைத்தார் என்று பின்னால் தெரிந்தது. நூற்றுப் பத்து நாள் தாமதம். நண்பரின் விகிதப்படி நாளுக்கு 100 ரூபாய் என்றால் 11,000 ரூபாய் நான் அவருக்குத் தர வேண்டும்.

அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போனில் கூப்பிடும்போதெல்லாம் “உங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப குடுங்க சார்” என்றுதான் சொன்னார்.